சிவப்புக் காருக்கு இஞ்சின் பார்த்த கதை

ஒரு காருக்குத் தோதான இஞ்சின் அமையாத காரணத்தால் என்னுடைய கலியாணம் எட்டு மாதம் தள்ளிப்போனது. பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்களின் கலியாணம் சீதனத்தால் தள்ளிப்போகும், சாதகத்தால் தள்ளிப்போகும், யாராவது செத்துத் துடக்கு வந்தும் தள்ளிப்போகும். ஒற்றைச் சிலிண்டரா இரட்டைச் சிலிண்டரா என்ற வழக்கால் தள்ளிப்போனது சண்டிலிப்பாயிலேயே என்னுடையது ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

கார் அண்ணையுடையது. எண்பத்து மூன்றுக்குப் பிறகு வெளிநாடு போன டொக்டர் ஒருவர் விட்டுவிட்டுப் போன இங்கிலாந்துக் கார் அது. சிவப்பு நிறம், மேலே கூரை கிடையாது, இரண்டே இரண்டு இருக்கை. கார்ப் பந்தயத்துக்குச் செய்த சாதி. டொக்டர் போகும்போதே அதன் இஞ்சின் இறுகிப் போயிருந்தது. "கவனமாய்ப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு கடிதம் எழுதி, "நீரே வைத்திரும்" என்றார். அந்தக் கடிதத்தை அண்ணை சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் அந்தக் காருக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டிருப்பா.

அண்ணை என்னிலும் ஏழு வயது மூத்தவர். வீட்டோடேயே ஒரு லேத் போட்டு, ஊரிலுள்ள நீர் இறைக்கும் இஞ்சின்கள் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத வீடு. தங்கைச்சிக்கு ஒரு வழி பண்ணாமல் தமையன் கலியாணம் கட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்குச் செவ்வாய்க் குற்றம். அதனால் நான் இருபத்தொன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு இருந்தேன், அண்ணை முப்பத்தாறு வயதில் கொட்டிலுக்குள் காரைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

அப்போதுதான் தரகர் வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு சாதகம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கும் செவ்வாய். தாய் தகப்பன் இல்லை. வள்ளங்களின் இஞ்சின் திருத்துகிறவர். பெண் பார்க்க வந்த அன்று, கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்று நின்று, தேத்தண்ணியில் ஆடை பிடித்துவிட்டது. கடைசியில் தரகர் போய்ப் பார்த்தால், கொட்டிலுக்குள் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் கட்டப்போகிறவரின் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு முழு ஆளும் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்தார், பிறகு அண்ணையிடம், "கியர்ப்பெட்டி நல்லாயிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப் போய்விட்டது.

அண்ணைக்கு அதைவிடப் புளுகம், சந்தோசத்தில் கால் நிலத்தில் படவில்லை. எங்கள் முறைப்படி பெண்ணின் சகோதரன்தான் தோழனாகப் போய் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும்.

"எனக்கொரு சீற், மாப்பிள்ளைக்கொரு சீற். அளவாய்ச் செய்தமாதிரி இருக்கு" என்றார் அண்ணை. "உந்தக் காரிலைதான் உம்மைக் கொண்டுவாறது, தம்பி. முதல் காருக்கு இஞ்சின் ஏத்துவம். பேந்து நாள் வைப்பம்."

"ஓம் அண்ணை" என்றார் மாப்பிள்ளை, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முதலில் நாள், பிறகு இஞ்சின் என்று சொல்லியிருப்பேன்.

பழைய இஞ்சினைத் திருத்த வழியில்லை. சண்டையால் சாமான்களுக்குத் தடை போட்டு, குளிக்கச் சவர்க்காரமே வராத காலத்தில் பிஸ்ரன் எங்கேயிருந்து வரும்? வந்தாலும் பெற்றோல் இல்லை. ஊரில் ஓடிய நாலைந்து கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கண்ணுக்கு விடும் மருந்துச் சீசாவில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆகவே மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய இஞ்சின் ஒன்று வேண்டும். அண்ணையிடம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையிடமும் ஒன்று இருந்தது. அதுதான் பிழை.

அண்ணையுடையது தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், பக்கத்தில் ஆட்டுக்கல் போல ஒரு பிளைவீல். 'டக்… டக்… டக்' என்று, சாப்பிட்டுவிட்டு நடக்கிற மனிசர் மாதிரி ஆறுதலாக ஓடும். மண்ணெண்ணெய் விலை ஏறிய நாளிலிருந்து நாங்கள் துலாவால் இறைத்தோம், அது சாக்குக்கு அடியில் படுத்திருந்தது. மாப்பிள்ளையுடையது வள்ளத்தின் பின்னால் கொழுவுகிற இஞ்சின். இரட்டைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் ஊரையே கூப்பிடும். கடலுக்குப் போக முடியாத காலமாதலால் அதுவும் சும்மாதான் கிடந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துபோகக் கூடாது என்று இருக்கிறது. இவர் இஞ்சினுக்காக வருகிறபடியால் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோவேன். அவர் ஒரு கையால் கோப்பையை வாங்குவார். மற்றக் கை அண்ணையின் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும்.

"தம்பி, உம்மடை இஞ்சின் நிண்டுகொண்டு சுத்திற இஞ்சின். காருக்குப் படுத்துக்கொண்டு சுத்திறதெல்லோ வேணும்?"

"படுக்கப் போடுவம் அண்ணை."

"படுக்கப் போட்டால் காபரேற்றர் கவிழும். மண்ணெண்ணெய் முழுக்க உம்மடை பட்டு வேட்டியிலைதான்."

"உங்கடையைப் போட்டால் கார் மூக்காலை றோட்டை உழும். பின் சில்லு ரெண்டும் அந்தரத்திலை நிக்கும்."

"பாரம் இருந்தால்தான் பிடிப்பு."

"பிடிப்பு இருந்து என்ன? அதிலை பூட்டியிருக்கிற கவர்னர் ஒரு வேகத்துக்கு மேலை விடாது. மாட்டு வண்டில் எங்களை முந்திக்கொண்டு போகும்."

"மாப்பிள்ளை ஊர்வலம் ஆறுதலாய்த்தான் போகோணும். சனம் பாக்க வேண்டாமோ? உம்மடை இஞ்சின் சூடு ஆறக் கடல் தண்ணியெல்லோ உறிஞ்ச வேணும். மானிப்பாய் றோட்டிலை எங்கை ஐசே கடல்?"

"டிக்கிக்குள்ளை ஒரு பரல் தண்ணி வைப்பம்."

"பரலை வைச்சால் கூறைத் தட்டத்தை எங்கை வைக்கிறது? உம்மடை தலையிலையோ?"

முதல் இரண்டு மாதமும் இதெல்லாம் எனக்கு நல்ல முசுப்பாத்தியாக இருந்தது. மூன்றாம் மாதம் பொறுமை போய்விட்டது. கணக்கு ரீச்சர் அல்லவா, ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்: எது எத்தனை இறாத்தல் பாரம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு தூரம். தாளை இரண்டு பேரும் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் தாங்கள்தான் வென்றதாகச் சொன்னார்கள். வகுப்பில் இப்படியான பிள்ளைகளின் காதை நான் திருகாமல் விடுவதில்லை.

இப்படியே ஆறு மாதம் போன பிறகு, தரகருக்குத்தான் அந்த யோசனை வந்தது. "பொருத்தம் பாப்பம்" என்றார்.

"பாத்தாச்சுத்தானே?" என்றா அம்மா.

"பிள்ளைக்கில்லை அம்மா. காருக்கு."

சிரிக்காதீர்கள். அண்ணை, மாப்பிள்ளை, தரகர் மூன்று பேரும் உண்மையாகவே சாத்திரியாரிடம் போனார்கள். காரின் புத்தகத்தில் பதிவுத் திகதி இருந்தது. இஞ்சின் இரண்டிலும் செய்த திகதி தகட்டில் அடித்திருந்தது. பிறந்த நேரம் என்னவென்று சாத்திரியார் கேட்டாராம். "காலமை வேலைக்கு வந்த கையோடை செய்திருப்பாங்கள், எட்டரை எண்டு போடுங்கோ" என்றாராம் அண்ணை. அந்த மனிசனும் மூன்று சாதகம் எழுதி, விரலை மடித்து, நிமிர்த்தி, அரை நாள் பார்த்தார். காருக்கும் எனக்கும் ஒரே இடத்தில் செவ்வாய் இருந்தது. அதைக் கேட்டு அம்மா கண் கலங்கினா. ஏனென்று நான் கேட்கவில்லை.

முடிவை அண்ணை வந்து சொன்னார். இரண்டு இஞ்சினும் காரோடு பொருந்தாதாம். ஆனால் இஞ்சின் இரண்டுக்கும் ஒன்றோடொன்று பத்துக்குப் பத்துப் பொருத்தமாம். இப்படி ஒரு பொருத்தம் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றாராம் சாத்திரியார். எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஏழுதான்.

இனிச் சாத்திரம் வேண்டாம், இரண்டையும் ஓட்டியே பார்ப்போம் என்று முடிவாகியது. குறித்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் இஞ்சினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்துவிடும், கையோடு கலியாண நாளும் குறித்துவிடலாம் என்று தரகர் வெள்ளை வேட்டியோடு வந்து, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துக் கதிரை போட்டு இருந்தார். அம்மா முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப் போட்டிருந்தா.

அண்ணையின் இஞ்சின் முதலில். அதைச் சீமெந்துத் தளத்தில் ஆணி போட்டு இறுக்கித்தான் ஓட்ட வேண்டும். அண்ணைக்கு அவசரம், இரண்டு பலகையின் மேல் வைத்து இழுத்துவிட்டார். டக் என்றது. ஒரு அடி துள்ளியது. டக் என்றது. இன்னொரு அடி துள்ளியது. தவளை மாதிரி முற்றம் முழுக்கத் துள்ளிக்கொண்டு போய், மிளகாய்க்கு மேலால் ஏறி, கிடுகு வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குள் போய்விட்டது. பின்னால் அண்ணை, "நில், நில்" என்று கத்திக்கொண்டு ஓடினார். அது எப்படி நிற்கும்?

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தன் இஞ்சினைத் தண்ணித் தொட்டியின் விளிம்பில் கொழுவி, கயிற்றை இழுத்தார். கடலில் அது வள்ளத்தைத் தள்ளும். தொட்டியைத் தள்ள முடியுமா? தண்ணியைத் தள்ளியது. நான் ஐந்து எண்ணுவதற்குள் தொட்டி முழுவதும் தரகரின் மேல் வந்து விழுந்தது. குடை, வேட்டி, மடியில் வைத்திருந்த பஞ்சாங்கம் எல்லாம் தெப்பம். மிளகாய் தண்ணியில் மிதந்து படலையால் றோட்டுக்குப் போனது.

"என்ரை மிளகாய்! கோதாரியிலை போவாங்கள்!" என்று அம்மா தலையில் கை வைத்தா.

அண்ணை வேலிக்குள்ளால் திரும்பி வந்தார். தலையெல்லாம் கிடுகுத் தூள். "என்ன பல்லைக் காட்டிறீர்? உம்மடை இஞ்சினைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ளை போடும்!"

"போடிறன். நீங்கள் உங்கடையைப் பிடிச்சுக் கட்டையிலை கட்டுங்கோ, முதல்."

"இனி இந்த வளவுக்குள்ளை கால் வைக்காதையும்!"

"வைக்கமாட்டன்!"

மாப்பிள்ளை இஞ்சினைக் கரியரில் கட்டினார். என் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார், பிறகு சைக்கிளில் ஏறிப் போனார். நான் கையில் தேத்தண்ணியோடு நின்றேன். அந்தக் கோப்பையை யாருடைய தலையில் எறிவதென்று தெரியாமல்தான் எறியவில்லை.

மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. நாலாம் கிழமை தரகர் வந்தார், தொட்டிக்குத் தூரமாக இருந்தார். மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளலாமாம். கைவசம் இன்னொரு சாதகம் இருக்கிறதாம், கொஞ்சம் வயது கூடின ஆள், முதல் மனிசி செத்துப் போனாவாம், இஞ்சின் ஒன்றும் வைத்திருக்கவில்லையாம். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் நேரே கொட்டிலுக்குப் போனேன்.

"அண்ணை, எனக்கு அந்த மனிசனைப் பிடிச்சிருக்கு. வேறை ஒருத்தரையும் கட்டமாட்டன்."

எங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை அப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணையின் கையிலிருந்த ஸ்பானர் அவருடைய காலிலேயே விழுந்தது. வலியைக்கூடக் காட்டவில்லை, பாவம்.

"எட்டு மாதமாய் இஞ்சின் இஞ்சின் எண்டு கத்திறியள்" என்றேன். "பழைய இஞ்சினை இன்னும் கழட்டக்கூட இல்லை. ஒரு நட்டு? ஒரு நட்டு கழட்டினியளோ? நான் என்ன குருடியோ? உங்களுக்கு இஞ்சின் ஏத்த விருப்பமில்லை. ஏன் எண்டு சொல்லுங்கோ."

அண்ணை காரின் கதவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"வீடு உனக்குச் சீதனம்" என்றார். "கொட்டிலும் அதோடைதான். மாப்பிள்ளை இஞ்சை வந்து இருப்பார். அது முறை. உன்ரை அலுவல் முடிஞ்ச கையோடை தரகர் என்னைப் பிடிப்பார். நான் ஆரோ ஒருத்தியின்ரை வீட்டை போக வேணும். முன்னுக்கு மயிரில்லை, பின்னுக்கு ஓடாத ஒரு கார். ஆரடி என்னை எடுப்பினம்? இஞ்சின் ஏத்தினால் நாள் வைக்க வேணும். நாள் வைச்சால் நான் எங்கை போறது, சொல்லு?"

நான் முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். இந்த மனிசனுக்கு இந்த வீட்டில் ஒரு பிடி மண்கூட இல்லை என்பது இருபத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு நாளாவது நான் நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் விடிய நான் சைக்கிளை எடுத்தேன்.

"பொம்பிளை மாப்பிள்ளை வீட்டை போறதோ? ஊர் சிரிக்குமடி!" என்றா அம்மா.

"ஊர் எட்டு மாதமாய்ச் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கு, எணை அம்மா."

தனியே விடக்கூடாதென்று அண்ணையும் ஒரு சைக்கிளில் பின்னால் வந்தார். வல்லை வெளியில் எதிர்காற்று. மரமில்லை, மறைப்பில்லை, மிதித்தால் சைக்கிள் பின்னுக்குத்தான் போகிறது. சீலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இந்தக் காற்றுக்குள்ளால் அந்த மனிசன் ஞாயிறுக்கு ஞாயிறு வந்திருக்கிறார். கடைசித் தடவை ஒரு இஞ்சினையும் கட்டிக்கொண்டு. அண்ணை பின்னாலிருந்து, "திரும்புவமோ?" என்று கேட்டார். நான் காது கேட்காதமாதிரி மிதித்தேன்.

மாப்பிள்ளை கரையில் ஒரு வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சறத்தை இறக்கிவிட்டு, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். அண்ணை தள்ளி நின்று கடலைப் பார்த்தார். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"சீதன உறுதிப் பத்திரத்திலை ஒரு மாத்தம் வேணும்" என்றேன். "கொட்டிலும் மேற்கு அறையும் அண்ணையின்ரை பேரிலை எழுதப் போறம். அவர் ஒரு இடமும் போகமாட்டார். உங்களுக்குச் சம்மதமோ? இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, காத்து மாற முதல் நான் வீட்டை போக வேணும்."

கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் அரைப் பரப்புக் காணி குறைந்ததற்காக மணவறை வரை வந்து எழும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். நான் சைக்கிளின் கைபிடியை இறுக்கிப் பிடித்தேன்.

"கார்?" என்று கேட்டார்.

"காரும் அவரோடைதான்."

"அங்கேயே நிக்குமோ? கொட்டிலுக்குள்ளை?"

"ஓம்."

"அப்ப எனக்கு என்ன குறை?" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நீங்கள் கட்டப்போறது காரையோ, என்னையோ?"

அவர் சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு பழுதும் இல்லை. "உம்மடை அண்ணை கத்தினதுக்கு நான் கோவிக்கேல்லை" என்றார் செயினிடம். "நீர் ஒரு சொல்லுச் சொல்லுவீர் எண்டு பாத்தனான். நீர் சும்மா நிண்டீர். அதுதான் வரேல்லை." பிறகு நிமிர்ந்தார். "வல்லை வெளிக் காத்துக்குள்ளாலை ஆர்தான் இஞ்சின் பாக்க வருவான்? பாதி இஞ்சின். பாதிதான்."

பாதி எனக்குப் போதுமாக இருந்தது. அவ்வளவு தூரம் மிதித்தவளுக்குப் பாதியே பெரிய காரியம்.

ஆவணியில் நாள் வைத்தோம். உறுதி எழுதுகிற நொத்தாரிசு கொட்டிலையும் மேற்கு அறையையும் தனியாகப் பிரித்து எழுதினார். சிவப்புக் காருக்கு இஞ்சின் ஏறவில்லை. அண்ணை வாடகைக் காரில் போய், மண்ணெண்ணெய்ப் புகைக்குள்ளால் மாப்பிள்ளையைக் கூட்டிவந்தார். மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தோழன் தலைப்பாகையோடு அண்ணை நின்றார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்ததும், அண்ணை அதைப் பார்த்தாரோ இல்லையோ, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டார்.

கெட்டிமேளம் முழங்குகிறது. தாலி என் கழுத்துக்குப் பின்னால் வந்துவிட்டது. இவருக்கு அண்ணை அழுவது பொறுக்கவில்லைப்போல. கையில் தாலிக்கொடியைப் பிடித்தபடியே அந்தப் பக்கம் திரும்பினார்.

"அழாதேங்கோ மச்சான்" என்றார். அண்ணையை அவர் மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல். "உங்கடை இஞ்சின்தான் சரி. அதையே போடுவம்."

அண்ணையின் அழுகை பட்டென்று நின்றது. "இல்லை மச்சான், பாரம் கூட. நான் யோசிச்சுப் பாத்தனான், உம்மடைதான்…"

"இல்லை மச்சான், கவர்னரை நான் கழட்டி விடுறன்…"

"முதல் முடிச்சைப் போடுங்கோ!" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "பேந்து சாகுமட்டும் ரெண்டு பேரும் ஒரு வளவுக்குள்ளைதானே இருந்து கதைக்கப் போறியள்!"